இருநூறாவது சுற்றுக்குப் பிறகு: சிவிலைசேஷன் விளையாட்டின் கடைசிக் கட்டம்

ஏப்ரல் 30 வருமான வரிப் படிவங்களுக்கான கடைசி நாள். அது முடிந்த கிழமையில்தான் எங்களைப் போன்ற கணக்காளர்களுக்குக் கனடாவில் வருடம் பிறக்கிறது. அந்தக் கிழமையில் நாங்கள் நான்கு பேர் ஒருவரின் வீட்டு நிலக்கீழ் அறையில் கூடுவோம். எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். முன்பெல்லாம் 304 விளையாடினோம். சில வருடங்களாகப் பிள்ளைகள் விட்டுப்போன கணினியில் சிவிலைசேஷன் 6 விளையாடுகிறோம்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 1991 இல் சிட் மையர் தொடக்கிவைத்த விளையாட்டு வரிசை இது. ஆறாம் பதிப்பு 2016 இல் வந்தது. கற்காலத்தில் ஒரு குடியேற்றக் கூட்டத்தோடு தொடங்கி, நகரம் கட்டி, எழுத்துக் கற்று, கப்பல் விட்டு, கடைசியில் விண்வெளி வரை போகலாம். சதுரங்கம் போலச் சுற்று முறையில் நடக்கும். நாம் யோசித்து முடித்து அழுத்தும்வரை உலகம் காத்திருக்கும். விரல் வேகம் தேவையில்லை. அதனால்தான் எங்கள் வயதுக்கு ஒத்துவருகிறது.

தொடக்கத்தை எப்படி ஆடுவது என்று பிள்ளைகளே சொல்லித் தந்துவிடுவார்கள். நகரம் வை, வேலையாளை எடு, காட்டுமிராண்டிகளை விரட்டு. சிக்கல் இருநூறாவது சுற்றுக்குப் பிறகு தொடங்குகிறது. பத்து நகரங்கள், முப்பது படையணிகள், ஒவ்வொரு சுற்றிலும் இருபது கேள்விகள். எல்லாம் இருக்கிறது; எங்கே போகிறோம் என்பது மட்டும் தெரியாது. புதிதாக ஆடுபவர்களில் பலர் இந்த இடத்தில்தான் விளையாட்டை மூடிவிட்டுப் புதியதொன்றைத் தொடங்குகிறார்கள். நாங்களும் அப்படித்தான் ஏழெட்டு இராச்சியங்களைப் பாதியில் கைவிட்டோம்.

ஒன்றை மட்டும் கைவிடாமல் கடைசிவரை ஆடினோம். திரையில் எங்கள் பொன் 14,000 இற்கு மேல். நிலப்பரப்பு எல்லோரையும் விடப் பெரிது. தேத்தண்ணி குடித்துக்கொண்டு சந்தோசமாக இருந்தபோது, கடலுக்கு அப்பாலிருந்த ஒரு நாடு பண்பாட்டு வெற்றி பெற்றுவிட்டதாகத் திரை சொன்னது. அந்த நாட்டோடு நாங்கள் ஐம்பது சுற்றுகளாக ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை. வீட்டுக்காரரின் மகள் படியில் நின்று பார்த்துவிட்டுக் கேட்டாள்: "நீங்கள் என்னத்தை வெல்லப் பாத்தனீங்கள் அப்பா?" நால்வரிடமும் பதில் இருக்கவில்லை.

நாங்கள் இங்கே எழுதுவது அந்தக் கேள்விக்கான பதிலைத்தான். 'கதரிங் ஸ்ரோம்' என்ற 2019 விரிவாக்கத்தின் விதிகளையும், சாதாரண வேகத்தையும் வைத்துச் சொல்கிறோம்.

முதலில் ஐந்தொகை

இருநூறாவது சுற்றை அண்மித்ததும் ஒரு மாலை முழுவதையும் கணக்கெடுப்புக்கு ஒதுக்குங்கள். எந்த நகரத்தையும் நகர்த்தாமல், எந்தப் படையையும் தொடாமல், உலகத் தரவரிசைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஆறு வழிகளில் வெல்லலாம் என்று அது காட்டும்.

அறிவியல் வெற்றி என்பது வேற்றுக் கோளுக்குப் பயணம் அனுப்புவது. பண்பாட்டு வெற்றி என்பது உலகத்தாரை உங்கள் நாட்டுக்குச் சுற்றுலா வரவைப்பது. இராசதந்திர வெற்றிக்கு 20 புள்ளிகள் சேர்க்க வேண்டும். சமய வெற்றிக்கு ஒவ்வொரு நாட்டிலும் அரைவாசிக்கு மேற்பட்ட நகரங்கள் உங்கள் சமயத்தைப் பின்பற்ற வேண்டும். ஆதிக்க வெற்றிக்கு மற்ற எல்லோருடைய மூலத் தலைநகரங்களும் உங்கள் கையில் இருக்க வேண்டும். இவற்றில் எதையும் எவரும் எட்டாவிட்டால், ஐந்நூறாவது சுற்றில், அதாவது விளையாட்டின் கணக்கில் 2050 ஆம் ஆண்டில், அதிக புள்ளி உள்ளவர் வெல்வார்.

இந்தப் பட்டியலில் பொன் வெற்றி என்று ஒன்று இல்லை என்பதைக் கவனியுங்கள். நிலப்பரப்பு வெற்றி என்றும் ஒன்று இல்லை. வணிகம் படித்த நாங்கள் நால்வரும் இதைக் கவனிக்கத் தவறியதுதான் வெட்கம். பொன் ஒரு நடைமுறைச் சொத்து. அது எதுவாக மாறப்போகிறது என்று தெரியாமல் குவிந்துகிடந்தால் அது இலாபமல்ல, தேக்கம்.

கணக்கெடுப்பில் மூன்று கேள்விகள் போதும். எந்த வழியில் நாம் முதலாவதாகவோ இரண்டாவதாகவோ நிற்கிறோம்? எந்த வழியில் இன்னொருவர் எங்களை முந்தி முடிக்கக்கூடும்? எங்கள் நகரங்களில் உற்பத்தி கூடிய மூன்று எவை? விடைகளை ஒரு கடதாசியில் எழுதி, ஒரு வழியைத் தெரிவுசெய்து, அதன் கீழ் கோடு கீறுங்கள். அதற்குப் பிறகு கட்டும் ஒவ்வொரு கட்டடமும் அந்தக் கோட்டுக்குக் கீழே வரவேண்டும். வராவிட்டால் கட்டக்கூடாது.

புதியவருக்கு நேரான பாதை: அறிவியல்

எதைத் தெரிவது என்று தடுமாறுபவருக்கு எங்கள் ஆலோசனை அறிவியல். காரணம், அது மற்றவர்களின் மனநிலையில் தங்கியிருப்பதில்லை. வேலை இருக்கிறது, செலவு இருக்கிறது, முடியும் திகதி இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

படிகள் இவை. 'ரொக்கற்றி' தொழில்நுட்பம் கற்றதும் 'ஸ்பேஸ்போர்ட்' என்ற விண்வெளித் தளத்தைக் கட்டலாம். அதற்கு 1,800 உற்பத்தி தேவை. பிறகு செய்மதி ஏவுதல், நிலவில் இறங்குதல், செவ்வாய்க் குடியேற்றம், வேற்றுக் கோள் பயணம் என்று நான்கு திட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். செய்மதி ஏவியதும் உலகப் படம் முழுவதும் திறந்துவிடும்; அதுவரை இருட்டாக இருந்த மூலைகளையும் பார்த்துக்கொள்ளலாம்.

புதியவர்கள் ஏமாறும் இடம் நான்காவது திட்டத்துக்குப் பிறகு வருகிறது. பயணம் கிளம்பியதும் வெற்றி என்று நினைப்பார்கள். இல்லை. அந்தக் கப்பல் 50 ஒளியாண்டு போக வேண்டும். சுற்றுக்கு ஒரு ஒளியாண்டு வேகத்தில் அது ஐம்பது சுற்று. அந்த ஐம்பது சுற்றில் இன்னொருவர் வென்றுவிடலாம்.

வேகத்தைக் கூட்டுவது லேசர் நிலையங்கள். ஒவ்வொன்றும் சுற்றுக்கு ஒரு ஒளியாண்டைக் கூட்டும். நான்கு நிலையங்கள் இருந்தால் வேகம் ஐந்து; பயணம் பத்துச் சுற்றில் முடியும். ஒருவகை நிலையத்துக்கு நகரத்தில் மின்சாரம் வேண்டும், இன்னொரு வகைக்கு அலுமினியம் வேண்டும். ஆகவே இரண்டையும் முன்கூட்டியே சேர்த்து வையுங்கள். அலுமினியம் முழுவதையும் விமானங்களில் செலவழித்துவிட்டு முழித்தவர்கள் நாங்கள்.

இன்னொரு விடயம். முதல் நான்கு திட்டங்களும் வரிசையாக நடக்க வேண்டியவை. அவற்றுக்கு ஒரு தளம் போதும். லேசர் நிலையங்களை ஒரே நேரத்தில் பல நகரங்களில் செய்யலாம். அதனால் செவ்வாய்த் திட்டம் நடக்கும்போதே இரண்டாவது, மூன்றாவது நகரங்களிலும் தளம் கட்டி முடித்துவிட வேண்டும். இதுதான் வென்றவருக்கும் 'இன்னும் பத்துச் சுற்று இருந்திருந்தால்' என்று சொல்பவருக்கும் உள்ள வித்தியாசம்.

பிங்கலா என்ற ஆளுநரைப் பிரதான தள நகரத்தில் வையுங்கள். யாப்பிலக்கணம் எழுதிய பண்டைய அறிஞரின் பெயர்தான் அது. அவருடைய கடைசிப் படிநிலைகளில் ஒன்று விண்வெளித் திட்டங்களுக்கு 30 வீத உற்பத்தியைக் கூட்டும். கார்ல் சேகன், சேர்ஜி கோரலெவ் போன்ற மாமனிதர்கள் கிடைத்தால் அவர்களையும் இதற்கென்றே வைத்திருங்கள். தளத்தின் மேல் எதிர்உளவுக்கு ஒரு ஒற்றரை நிறுத்துங்கள். மற்ற நாடுகளின் ஒற்றர்கள் தளத்தைச் சேதப்படுத்த வருவார்கள். ஒரு தாக்குதல் திருத்தவேலையில் பல சுற்றுகளைத் தின்றுவிடும்.

எதிர்காலக் காலகட்டத்தின் தொழில்நுட்பங்கள் ஒவ்வொரு ஆட்டத்திலும் வரிசை மாறி, மறைந்திருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். போன தடவை படித்த வரிசையை மனப்பாடமாக ஆட முடியாது.

மற்றவர்கள் எங்களைப் பார்க்க வரும் வெற்றி

பண்பாட்டு வெற்றியின் கணக்கு முதலில் விளங்காது. எங்களுக்கும் ஒரு முழு மாரிகாலம் எடுத்தது. சுருக்கம் இதுதான்: ஒவ்வொரு நாட்டுக்கும் உள்ளூர்ச் சுற்றுலாப் பயணிகள் என்று ஒரு எண் உண்டு. அந்த நாடு இதுவரை சேர்த்த பண்பாட்டுப் புள்ளிகளிலிருந்து அது வருகிறது. உங்கள் நாட்டுக்கு வெளியிலிருந்து வரும் பயணிகள் என்று இன்னொரு எண் உண்டு. உங்களுடைய வருகைப் பயணிகளின் எண், மற்ற எந்த நாட்டினுடைய உள்ளூர் எண்ணையும் விடக் கூடியதாக வேண்டும். மற்றவர்களில் ஆகக்கூடியது 140 என்றால் உங்களுக்கு 141 வேண்டும்.

இதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஒன்று, உங்கள் பண்பாட்டுப் புள்ளிகள் உங்களைத் தோல்வியிலிருந்து காக்கும். உங்கள் சுற்றுலா உங்களை வெற்றிக்குக் கொண்டுபோகும். இரண்டும் வேறு வேறு கணக்கு. நாங்கள் தோற்றபோது எங்களிடம் முதலாவதே இருக்கவில்லை. அரங்குகளும் அருங்காட்சியகங்களும் காசைத் தின்னும் வெள்ளை யானை என்று நினைத்துக் கட்டாமல் விட்டோம். நீங்கள் அறிவியலுக்குப் போனாலும் சில நகரங்களில் அரங்குகளைக் கட்டி வையுங்கள். அது காப்புறுதிக் கட்டுப்பணம் மாதிரி.

இரண்டாவது, எல்லை கடினமான ஒருவரில்தான் இருக்கிறது. பண்பாடு மிகுந்த அந்த ஒரு நாட்டை நோக்கித்தான் எல்லா முயற்சியும் போகவேண்டும். அந்த நாட்டோடு எல்லைத் திறப்பு ஒப்பந்தம் செய்தால் அங்கே உங்கள் சுற்றுலா 25 வீதம் கூடும். ஒரு வணிகப் பாதை போட்டால் இன்னொரு 25 வீதம். சண்டை பிடித்துக்கொண்டு பண்பாட்டால் வெல்வது கடினம் என்பது இதனால்தான்.

சுற்றுலாவைக் கூட்டும் வழிகள் பல. அருங்காட்சியகத்தில் உள்ள மூன்று பொருட்களையும் ஒரு பொருத்தத்தோடு அடுக்கினால் பலன் இரட்டிப்பாகும். தொல்பொருள் என்றால் ஒரே காலத்தவையாகவும் வெவ்வேறு நாட்டினவாகவும் இருக்க வேண்டும். ஓவியம், சிற்பம் என்றால் ஒரே வகையாகவும் வெவ்வேறு கலைஞர்களுடையதாகவும் இருக்க வேண்டும். மற்ற நாடுகளோடு மாற்றிக்கொள்ளவும் முடியும். தேசியப் பூங்காவுக்கு வைர வடிவில் நான்கு கட்டங்கள் வேண்டும். அவற்றில் எதுவும் கட்டப்பட்டிருக்கக் கூடாது, அழகு மதிப்பு நன்றாக இருக்க வேண்டும். சுரங்கமும் தொழில் வட்டாரமும் பக்கத்தில் இருந்தால் அழகு குறையும். காடும் மலையும் இருந்தால் கூடும். அதனால் பண்பாட்டு வெற்றியை நினைப்பவர் நடு ஆட்டத்திலேயே சில காடுகளை வெட்டாமல் விட்டுவைக்க வேண்டும்.

கடைசிக் கட்டத்தில் 'ரொக் பாண்ட்' என்ற இசைக்குழுக்களைப் பக்திப் புள்ளி கொடுத்து வாங்கலாம். அந்தக் கடினமான நாட்டுக்குள் அனுப்பி அதிசயக் கட்டடங்களிலும் அரங்குகளிலும் கச்சேரி வைக்கச் செய்யலாம். சில குழுக்கள் ஒரே கச்சேரியோடு கலைந்துவிடும், சில ஊர் ஊராகப் போகும். பக்திப் புள்ளியைச் சமயத்துக்கு மட்டும் என்று நினைத்துச் செலவழிக்காதீர்கள். கடைசியில் இசைக்குழுவுக்கும் பூங்காவுக்கும் அதுதான் காசு.

வாக்குக் கணக்கு

இராசதந்திர வெற்றியை எங்களில் ஒருவர் மட்டும்தான் விரும்பி ஆடுவார். ஊரில் சங்கத் தேர்தல்களில் ஊறியவர். உலகப் பேரவை கூடும்போது ஒவ்வொருவருக்கும் முதல் வாக்கு இலவசம். அடுத்தடுத்த வாக்குகளுக்கு நல்லெண்ணப் புள்ளி கொடுக்க வேண்டும், ஒவ்வொரு கூடுதல் வாக்கும் முந்தையதைவிட விலை கூடியது. நகர அரசுகளின் காவலராக இருப்பதும் கூட்டணிகள் வைத்திருப்பதும் இந்த நல்லெண்ணத்தைத் தொடர்ந்து தரும். பேரிடர் உதவிப் போட்டிகளில் முன்னுக்கு வந்தாலும் வெற்றிப் புள்ளி உண்டு. சுதந்திரதேவி சிலையைக் கட்டுபவருக்கும் கணிசமான புள்ளி கிடைக்கும்.

இந்த வழியில் ஒரு நுட்பம் இருக்கிறது. நீங்கள் முன்னணிக்கு வந்ததும் மற்ற எல்லோரும் சேர்ந்து உங்களிடமிருந்து இரண்டு புள்ளிகளைப் பறிக்க வாக்களிப்பார்கள். தடுக்கப் போதிய வாக்கு இல்லையென்று தெரிந்தால் எதிர்த்து நல்லெண்ணத்தை வீணாக்காதீர்கள். நீங்களும் உங்களுக்கு எதிராகவே வாக்களியுங்கள். வென்ற முடிவுக்கு வாக்களித்தவருக்கு ஒரு புள்ளி கிடைக்கும். இரண்டு போய் ஒன்று வரும். இழப்பு ஒன்றோடு நிற்கும். நட்டத்தை ஒத்துக்கொண்டு குறைத்துக்கொள்வது கணக்காளருக்குப் புதிதல்ல.

தலைநகரங்களைப் பிடிக்கும் வழி

ஆதிக்க வெற்றியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நுட்பம் சிக்கலானதல்ல. 'ஸ்ரீல்' தொழில்நுட்பத்துக்குப் பிறகு நகரங்களுக்குத் தற்காப்பு தானாகவே வந்துவிடும். அதனால் குதிரைப்படை, வாள்படை வீண். குண்டுவீச்சு விமானங்கள் சுவர்களைச் சில சுற்றுகளில் கரைத்துவிடும். தரைப்படை ஒன்று உள்ளே நடந்தால் போதும். முழு நாட்டையும் பிடிக்கத் தேவையில்லை, மூலத் தலைநகரம் போதும். பிடித்த நகரத்தில் ஆளுநரை வைக்காவிட்டால் சில சுற்றுகளில் விசுவாசம் சரிந்து கலகம் செய்து கையை விட்டுப் போய்விடும்.

இவ்வளவும் எங்களுக்குத் தெரியும். ஆனால் ஒருநாள் எங்களில் ஒருவர் குண்டுவீச்சு விமானத்தைத் தெரிந்து, இலக்கின் மேல் சுட்டியை வைத்து, அழுத்தாமல் இருந்தார். திரையில் ஒரு சின்ன நகரம், கரையோரம், இரண்டு மீன்பிடிப் படகுகள். கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து மேலே போய்விட்டார். நாங்கள் மூவரும் ஒன்றும் கேட்கவில்லை. மேலே மகள்தான் கேட்டாள். அன்று இரவு அவர் அவளுக்கு, விமானச் சத்தம் கேட்டதும் பதுங்கு குழிக்குள் எத்தனை எண்ணுவதற்குள் இறங்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். பதுங்கு குழியை யார் வெட்டியது, அதற்குள் என்ன வைத்திருந்தார்கள், யார் கடைசியாக இறங்கினார் என்பதையும் சொல்லியிருக்கிறார். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. அதுவரை அந்த வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே இருந்ததில்லை.

விளையாட்டைக் குறை சொல்ல நாங்கள் இதை எழுதவில்லை. அது ஒரு விளையாட்டு. எங்கள் பிள்ளைகள் அதை விளையாட்டாக ஆடுகிறார்கள், அப்படி ஆடக் கிடைத்தது அவர்களின் பாக்கியம். அந்த வழியைத் தெரிபவர்களை நாங்கள் தடுக்கவும் மாட்டோம். ஆனால் எங்கள் மேசையில் ஒரு விதி உண்டு: குண்டு போடாமல் வெல்ல வேண்டும். அந்த விதி எங்களைத் தோற்கடிக்கவில்லை என்பதைப் புதியவர்கள் அறிவது நல்லது. படை வேண்டும், எல்லையில் நல்ல படை வேண்டும், ஏனென்றால் பலவீனமானவரைப் பார்த்தால் கணினி சும்மா விடாது. ஆனால் அது பூட்டு, திறப்பு அல்ல.

காசை எங்கே வைப்பது

இனி எங்கள் தொழில். கடைசிக் கட்டத்தில் பொன்னை எப்படிப் பயன்படுத்துவது?

கட்டடத்தையோ படையையோ பொன் கொடுத்து வாங்கினால் அதன் உற்பத்திச் செலவின் நான்கு மடங்கு கேட்பார்கள். 400 உற்பத்திச் செலவுள்ள ஒரு கட்டடம் என்றால் 1,600 பொன். சுற்றுக்கு 40 உற்பத்தி உள்ள நகரத்தில் அதைக் கட்டப் பத்துச் சுற்று. சுற்றுக்கு 8 மட்டுமே உள்ள சின்ன நகரத்தில் ஐம்பது சுற்று. ஆகவே பெரிய நகரத்தில் கட்டுங்கள், சின்ன நகரத்தில் வாங்குங்கள். சுற்றுக்கு 200 பொன் வருமானம் என்றால் எட்டுச் சுற்று வருமானம் ஐம்பது சுற்றுக் காத்திருப்பை மிச்சப்படுத்துகிறது. விளையாட்டு முடிய நூறு சுற்று இருக்கும்போது இது நல்ல முதலீடு. பத்துச் சுற்று இருக்கும்போது அல்ல. கடைசிக் கட்டத்தில் ஒவ்வொரு முதலீட்டுக்கும் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்: இது பலன் தர நாட்கள் மீதி இருக்கின்றனவா?

பராமரிப்புச் செலவைப் பாருங்கள். ஆயிரம் வருடத்துக்கு முந்திய ஈட்டிப்படை இன்னும் ஒரு மூலையில் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கும். பெறுமானத் தேய்வு கழித்தால் அதன் மதிப்புப் பூச்சியம். தரமுயர்த்துங்கள், அல்லது கலைத்துவிடுங்கள். தரமுயர்த்தலின் பொன் செலவைப் பாதியாக்கும் கொள்கை அட்டை ஒன்று உண்டு. குடிமை ஆய்வு ஒன்று முடியும் சுற்றில் அட்டைகளை இலவசமாக மாற்றலாம். அந்தச் சுற்றில் அட்டையைப் போட்டு, எல்லாப் படைகளையும் தரமுயர்த்தி, அடுத்த ஆய்வு முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

வட்டாரங்களின் விலை, நீங்கள் கற்றவை கூடக்கூட ஏறும். ஆனால் அடிக்கல் நாட்டிய அன்றைய விலை அப்படியே நிற்கும். உடனே கட்ட வசதியில்லாவிட்டாலும் இடத்தைக் குறித்து ஒரு சுற்று வேலையைத் தொடக்கி வையுங்கள். இன்றைய விலையில் ஒப்பந்தம், நாளைக்கு வேலை.

தொழிற்சாலையின் பயன் ஆறு கட்டத் தூரம் வரையுள்ள மற்ற நகரங்களுக்கும் போகும். நடுவில் ஒன்றை நன்றாகக் கட்டினால் மூன்று நகரங்கள் வாழும்.

கடல் ஏறும் காலம்

புதியவர்கள் கவனிக்காத இன்னொரு செலவு இருக்கிறது. தொழிற்சாலைக்கும் ஆய்வுகூடத்துக்கும் மின்சாரம் வேண்டும். நிலக்கரி மலிவு என்று எல்லோரும் அதையே எரிப்பார்கள். காற்றில் காபன் ஏறி, துருவப் பனி உருகி, கடல்மட்டம் உயரும். விளையாட்டு இதை ஏழு படிகளாகக் காட்டும். ஒவ்வொரு படியிலும் தாழ்ந்த கரையோரக் கட்டங்கள் முதலில் வெள்ளத்தில் மூழ்கும், பிறகு நிரந்தரமாகக் கடலுக்குள் போகும். அங்கே கட்டியவை எல்லாம் போய்விடும்.

'கொம்பியூட்டர்ஸ்' தொழில்நுட்பத்தோடு வெள்ளத் தடுப்புச் சுவர் கட்டலாம். கடல் ஏற ஏற அதன் விலையும் ஏறும். ஆகவே இது தள்ளிப்போடக் கூடாத செலவு. ஐந்தொகையில் பொறுப்பு என்று எழுதவேண்டியதை எழுதாமல் விட்டால் அது இல்லாமல் போவதில்லை, வட்டியோடு வரும். கரையோர நகரம் உள்ளவர்கள் முதல் வேலையாகச் சுவரைக் கட்டுங்கள். சூரிய மின்பண்ணை, காற்றாலை, நீர்மின் அணை என்பவற்றுக்கு மெதுவாக மாறுங்கள். அணுமின் நிலையம் வைத்திருந்தால் அதன் வயதைப் பார்த்து, உரிய காலத்தில் புதுப்பிக்கும் திட்டத்தைச் செய்யுங்கள். மறந்தால் விபத்து வரும்.

பத்துச் சுற்றுக்கு ஒருமுறை

இவ்வளவையும் ஒவ்வொரு சுற்றிலும் யோசித்தால் மண்டை வெடித்துவிடும். அதனால் நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். பத்துச் சுற்றுக்கு ஒருமுறை பரீட்சை மீதி எடுப்போம். தரவரிசைப் பக்கத்தைத் திறந்து ஆறு வழிகளிலும் யார் முன்னுக்கு என்று குறிப்போம். எவராவது வெற்றியை நெருங்கினால் அவரைத் தாமதிக்க என்ன செய்யலாம் என்று பார்ப்போம்: அறிவியல் என்றால் ஒற்றரை அவருடைய தளத்துக்கு அனுப்புவது, பண்பாடு என்றால் எங்கள் பண்பாட்டைக் கூட்டுவது, இராசதந்திரம் என்றால் பேரவையில் அவருக்கு எதிராக வாக்களிப்பது. பிறகு எங்கள் கோட்டைப் பார்ப்போம்: இந்தப் பத்துச் சுற்றில் எங்கள் வெற்றிக்கு எத்தனை படி கிட்ட வந்தோம்? ஒன்றும் வரவில்லையென்றால் ஏதோ அழகுக்கு வேலை செய்துகொண்டிருக்கிறோம் என்று அர்த்தம்.

மீதி ஒன்பது சுற்றுகளை வேகமாக ஓட்டுங்கள். நகரங்களுக்கு நீண்ட வரிசையில் வேலை கொடுங்கள். தேவையற்ற படைகளைத் தூங்க வையுங்கள். முக்கியமான மூன்று நகரங்களில் மட்டும் கவனம் வையுங்கள். எட்டு நிலைகள் உள்ள கடினத்தில் நான்காவதான 'பிரின்ஸ்' நிலையில்தான் கணினிக்கும் உங்களுக்கும் சமமான களம். அதில் தொடங்குங்கள், தோற்றால் ஒரு நிலை கீழே போவதில் வெட்கமில்லை.

ஆர்வமுள்ளவர்களுக்கு ஒரு தகவல். இந்த ஆறாம் பதிப்பில் கண்டி ஒரு நகர அரசாக வரும். அதன் காவலரானால் இயற்கை அதிசயங்களைக் கண்டுபிடிக்கும்போது புனிதப் பொருள் கிடைக்கும். 2025 இல் வந்த ஏழாம் பதிப்பில் சோழர் ஒரு நாடாகவே வருகிறார்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்தக் காரணம் தேடுபவர்களுக்கு இது உதவலாம்.

போன தை மாதம் நாங்கள் முதல்முறையாக வென்றோம். அறிவியல் வழி, நான்கு லேசர் நிலையங்கள், ஒரு குண்டும் போடவில்லை. பொன் கையிருப்பு முடிவில் 300 சொச்சம். ஒரு காலத்தில் எங்களுக்கு அந்த எண் பயத்தைத் தந்திருக்கும். வெறும் கையோடு நாட்டைவிட்டு வந்தவர்களுக்குச் சேர்த்து வைப்பதுதான் தெரியும். எதற்காகச் சேர்க்கிறோம் என்று கேட்கத் தோன்றாது. வங்கிக் கணக்கிலும் நாங்கள் அப்படித்தான் இருந்திருக்கிறோம் என்று அன்று ஒருவர் சொன்னார். மற்றவர்கள் மறுக்கவில்லை.

வென்றதும் திரையில் ஒரு பொத்தான் வரும்: இன்னும் ஒரே ஒரு சுற்று ஆடலாமா என்று கேட்கும். நேரம் இரவு பன்னிரண்டரை. மகள் படியில் நின்றாள். இம்முறை அவள் ஒன்றும் கேட்கவில்லை, கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். நாங்கள் பொத்தானை அழுத்தாமல் கணினியை மூடிவிட்டு, அவளோடு இரண்டு மணிவரை கதைத்துக்கொண்டிருந்தோம்.